நிலா முன்னால் போன கடிகாரம்

இசக்கியம்மாளைத் தேடி வருகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு ஞானி இருக்கிறார், அவர் பேசினாலே மனது குளிர்ந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருப்பார்கள். இங்கே நடுவயது அம்மா ஒருவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயை அடைக்காமல் போனவனைத் திட்டிக்கொண்டிருப்பார். சாந்தம் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி அவரிடம்தான் சீடராக இருந்தார். குருவைவிட சீடருக்கு வயது அதிகம். கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கப்பலில் போட்ட சத்தத்தைக் கரைக்கு வந்தும் விடாதவர். கோபத்தைக் குறைக்கவேண்டும் என்றுதான் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். சேர்ந்த பிறகு, குறையவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

அன்று காலை வாடகைக் கார் ஒன்றை வாசலில் நிறுத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். கூடத்தில் நாலைந்து பேர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இசக்கியம்மாளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கிளம்புங்க. தூத்துக்குடிக்குப் போறோம். இன்னைக்கு அவளைக் கூட்டிட்டுத்தான் திரும்பணும். நீங்க வந்து நின்னா எந்திரிச்சு வந்துருவா."

அவள் என்றது அவர் மனைவி சண்முகவடிவை. அவர் கோபித்துக்கொண்டு தூத்துக்குடியில் தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தச் சண்டை ஒரு கைக்கடிகாரத்தால் வந்தது. அண்ணாச்சி வெளிநாட்டில் சொல்லிவைத்து வாங்கியது. மணி மட்டும் காட்டினால் அது சாதாரணக் கடிகாரம். இது தேதி, கிழமை, மாதம் காட்டும். நம்மூரில் சூரியன் எப்போது உதிக்கும், எப்போது அடையும் என்று காட்டும். ஒரு சின்ன ஜன்னலுக்குள் நிலா வளர்ந்து தேயும். கோயில் மண்டபத்தில் யாராவது பௌர்ணமி என்றைக்கு என்று பேச்செடுத்தால் போதும், அண்ணாச்சி சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கடிகாரத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. கையில் கிடந்து ஆடினால்தான் அது ஓடும். நின்றுவிடக்கூடாதே என்று சண்முகவடிவு தன் கையில் கட்டிக்கொண்டார். அந்த மெலிந்த கையில் அந்தக் கனத்தை மாட்டிக்கொண்டு மாவரைத்தார், துணி துவைத்தார், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போனார். ஒருநாள் ஜன்னல் நிலா வானத்து நிலாவைவிடக் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்திருக்கிறது. சரி செய்கிறேன் என்று பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். அது முன்னால் போய்விட்டது.

அண்ணாச்சி வீடு திரும்பி, கோயிலுக்குப் போய், இன்றைக்குப் பௌர்ணமி என்று அறிவித்தார். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பை அப்படியே சுமந்துகொண்டு வந்து, வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினார்: "படிக்காத கழுதை. உன்னைக் கெட்டுனதுல இருந்தே எனக்கு நேரஞ் சரியில்ல."

இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை வருஷம் கப்பல் கப்பலாகப் போன மனுஷனுக்காக வீட்டைக் கட்டிக் காத்தவர் அவர். ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அண்ணாச்சி இரண்டு தடவை கூப்பிடப் போனார். முதல் தடவை, தப்புதான் என்று ஆரம்பித்து, தங்கை புருஷனோடு சண்டை போட்டு முடித்தார். இரண்டாம் தடவை, இத்தனை தரம் மன்னிப்புக் கேட்டும் மசியவில்லையே என்று மன்னிப்புக் கேட்ட வாயாலேயே திட்டினார். அப்போதுதான் சண்முகவடிவு வாயைத் திறந்தார். மனசு ஆறினால் தானாக வருவேன், அதற்கு முன்னால் இன்னொரு தடவை இந்த வாசலில் வந்து நின்றால் பிறகு எந்தக் காலத்திலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சண்முகவடிவு சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அது அண்ணாச்சிக்கும் தெரியும். தெரிந்துதான் காரை அமர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

இசக்கியம்மாள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போன தடவை அங்க போயி, நான் வரச் சொன்னேன்னு சொன்னியளாமே?"

அண்ணாச்சி கொஞ்சம் தடுமாறினார். "யாரு சொன்னா?"

"மதினி போன் பண்ணிக் கேட்டாவ. அம்மா நீங்க அப்படிச் சொன்னியளான்னு. நான் எப்பம் சொன்னேன்?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"என் பேரைக் கயிறாக்கி அவங்க கழுத்துல போட்டு இழுத்திருக்கிய. அதுக்குப் பேரு நல்லதா?" அம்மாவின் குரல் ஏறிவிட்டது. கீரை ஆய்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நான் வரல. நீங்களும் போகக்கூடாது."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. போகாமல் என்ன செய்வதாம், ஊரெல்லாம் கேட்கிறதாம், ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு வீணாய்ப் போயிற்றாம், காலில் விழவும் தயாராக இருக்கிறாராம், இதற்கு மேல் ஒரு மனுஷன் எவ்வளவுதான் இறங்குவானாம். சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தக் கடிகாரத்தை எடுத்தார். அவள் கண் முன்னாலேயே இந்தச் சனியனைக் கடலில் வீசப்போகிறேன், அப்போதாவது நம்புகிறாளா பார்ப்போம் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உங்ககிட்ட இத்தனை நாள் வந்ததுக்கு இதையாவது சொல்லுங்க. அவளைத் திரும்பக் கொண்டு வர என்ன வழி?"

இசக்கியம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"அதைக் குடுங்க. எப்படிப் பாக்கது, எப்படி நாள் வைக்கதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"இப்பமா?"

"இது கடலுக்குப் போறதுக்கு முன்னால நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கடிகாரத்தை இரண்டு ஆட்டு ஆட்டினார், விநாடி முள் ஓடத் தொடங்கியது. பிறகு கப்பல் பையன்களுக்குப் பாடம் எடுத்த அதே தொண்டையில் ஆரம்பித்தார். நடுவில் நீளமாக இருப்பவை மணி காட்டும் முட்கள். ஓரத்தில் இருக்கிற சின்ன முட்களில் ஒன்று சூரிய உதயம், ஒன்று அஸ்தமனம். நிலா இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் வளர்பிறை, ஜன்னல் நடுவில் முழுசாக நின்றால் பௌர்ணமி, வலப்பக்கம் ஒளியத் தொடங்கினால் தேய்பிறை. விளிம்பில் குழிவாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒரு தடவை அழுத்தினால் தேதி, கிழமை, நிலா எல்லாம் சேர்ந்து ஒருநாள் முன்னால் போகும். ராத்திரியில் மட்டும் அழுத்தக்கூடாது, அப்போது அது தானே நாளை மாற்றிக்கொண்டிருக்கும்.

"இது மேசைக்குள்ள கெடந்ததுல போன மாசத்துலயே நிக்கு. இன்னைக்குத் தேதிக்குக் கொண்டாரணும். ஒரு அழுத்து அழுத்தணும், தேதியைப் பாக்கணும், பெறகுதான் அடுத்தது. புரிஞ்சுதா?"

இசக்கியம்மாள் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து, அதன் நுனியால் அழுத்தினார். ஒருநாள் நகர்ந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேதியைப் பார்த்தார். இன்னொன்று அழுத்தினார். மறுபடியும் பார்த்தார்.

அண்ணாச்சியால் அதைப் பொறுக்க முடியவில்லை. மெதுவாக அழுத்தச் சொன்னவரே சீக்கிரம் என்றார். சீக்கிரமாக அழுத்தியதும் குச்சியைச் சரியாகப் பிடிக்கச் சொன்னார். என்ன யோசனை என்றார், இப்படியா அழுத்துவார்கள் என்றார். ஹாரன் மறுபடியும் கேட்டது. "அழுத்துங்கம்மா, நேரமாச்சு, அழுத்துங்க," என்று தொடையில் தட்டினார். அம்மா அழுத்தினார். நிறுத்தாமல் அழுத்தினார். ஜன்னலுக்குள் நிலா நிறைந்து, நடுவில் நின்று, அந்தப் பக்கம் சரியத் தொடங்கியது. இன்றைய தேதி எப்போதோ போய்விட்டது. நிறுத்துங்கள் என்று அண்ணாச்சி கத்திய பிறகும் குச்சி இரண்டு தடவை இறங்கியது.

"படிக்காத..."

அதோடு நின்றுவிட்டார். கூடத்தில் கீரைக்காம்பு ஒடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"மிச்சத்தையும் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் இசக்கியம்மாள். "மதினிக்கு முழுசாச் சொன்னியள்லா, எனக்கு மட்டும் என்னத்துக்குப் பாதி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெட்கமா கோபமா என்று கேட்டால் இரண்டும்தான்.

"சரி, கூடப் போயிருச்சு. பின்னால திருப்பிருதேன்." அம்மா கடிகாரத்தின் பக்கவாட்டில் துருத்தியிருந்த சாவியைப் பிடித்துத் திருகப் போனார். அண்ணாச்சி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"பின்னால போகாதும்மா. அதுக்கு வழியே வைக்கல. வம்பாத் திருப்புனா உள்ள சக்கரத்துப் பல்லு ஒடிஞ்சிரும்."

"அப்பம் இன்னும் ரெண்டு அழுத்து அழுத்திப் பாக்கட்டா?"

"அழுத்த அழுத்த இன்னும் தூரந்தான் போவும். எத்தனை தடவை சொல்லுதேன்."

"மதினியும் இப்படித்தானே முன்னால வச்சாவ. அதை எப்படிச் சரி பண்ணுனிய?"

"நான் எங்க பண்ணுனேன்? மேசைக்குள்ள தூக்கிப் போட்டேன், நின்னு போச்சு. அவ வச்ச நாளு அதுபாட்டுக்கு வந்துட்டுப் போயிருச்சு."

"அப்பம் இப்பம் நான் என்ன செய்யணும்?"

அண்ணாச்சி வெடித்தார். "ஒண்ணும் செய்யக்கூடாது. சாவியை வெளிய இழுத்து நிறுத்தணும். அந்த நாள் தானா வாரது வரைக்கும் தொடாம வைக்கணும். வேற ஒரு மண்ணும் செய்ய முடியாது."

சத்தமாகத்தான் சொன்னார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டது.

இசக்கியம்மாள் நகத்தால் சாவியை நெம்பி வெளியே இழுத்தார். விநாடி முள் நின்றது. கடிகாரத்தை அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மறுபடியும் கீரைக்கட்டைப் பிரித்தார்.

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. அத்தனை நாளில் முதல்முறையாக அவர் தொண்டை இறங்கியிருந்தது. பயம் வந்தால் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது.

"தொடாம இருந்துட்டே இருந்து, அவ வராமலே போயிட்டா?"

"வராமலும் போகலாம்," என்றார் இசக்கியம்மாள். அவர் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. "டிரைவர் தம்பி காலையில இருந்து வெறும் வயித்தோட நிக்கான். வண்டி இன்னைக்குப் போகாதுன்னு சொல்லி, சாப்பிட உள்ள வரச் சொல்லுங்க அண்ணாச்சி."