சென்சார் ஒட்டிய இடம்

கரண்ட் போகும் நேரத்துக்காகவே காத்துக் கிடக்கும் அறை ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. நாற்பது பேட்டரி, ஒரு சார்ஜர், ஓர் ஏசி. அவற்றுக்குக் காவல் பிச்சமுத்து. ஐம்பதைத் தாண்டி இந்த வேலைக்கு வந்தவர். தொழில் சொல்லிக்கொடுத்த மரகதம் அவரைவிட இருபது வயது இளையவள். அவருக்கு அவள் குரு. அவளுக்கு அவர் அண்ணன்.

முதல் நாளே அவள் சொன்னது ஒன்றுதான்.

"பேட்டரி சூடானா சார்ஜ் வோல்டேஜைக் குறைக்கணும், குளிர்ந்தா கூட்டணும். காய்ச்சக்காரனுக்கு விருந்து வைக்கக் கூடாதுண்ணே."

அதற்கென்றே புளியங்கொட்டை அளவில் ஒரு சென்சார் பேட்டரியின் உடம்பில் ஒட்டியிருந்தது. அது சொல்லும் சூட்டைக் கேட்டுச் சார்ஜர் தானே கூட்டும், குறைக்கும்.

கத்திரி வெயில் வந்தது. சூட்டு அலாரம் ஓயாமல் அலறியது.

"தேள் கொட்டினாப்புல கத்துதே, நோயாளி தூங்க வேணாமா?" என்றாள் நர்ஸ்.

பிச்சமுத்து சென்சாரைப் பிய்த்து, ஏசிக்குக் கீழே சுவரில் ஒட்டினார். அலாரம் அடங்கியது. நர்ஸ் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பப் பத்து நிமிஷம் ஆயிற்று. அரைமணி தாங்க வேண்டிய பேட்டரிகள் நாலு நிமிஷத்தில் கைவிட்டன. மூன்றாம் கட்டிலில் சுவாச மெஷினை நம்பிக் கிடந்தவள் கோகிலா. நர்ஸ் கையால் காற்றடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை உயிர்.

மறுநாள் மரகதம் வந்தாள். பேட்டரிகள் வயிறு ஊதிக் கிடந்தன. அவள் சுவரைப் பார்த்தாள்.

"நான் சார்ஜரைத் தொடவேயில்லை மேடம்."

"தெரியும்ணே."

"அது கணக்குப்படிதான் ஏத்தியிருக்கு."

"ஆமா. குளிருதுன்னு நம்பிக் கூட்டிக் கூட்டிக் குடுத்திருக்கு. உள்ள இருந்த தண்ணி வத்துற வரைக்கும்."

"சென்சார் கெட்டுப்போயிருக்குமோ?"

அவள் அதைச் சுவரிலிருந்து எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். சார்ஜரின் திரையில் இருபது என்றிருந்த சூடு மெல்ல ஏறி முப்பத்துமூன்றில் நின்றது. வோல்டேஜ் அடக்கமாக இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பிச்சமுத்து மூடிய கையைத் திறக்காமலே சொன்னார்.

"சாயங்காலம் விசாரணை. மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க. பேட்டரி பழசுன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்பிருவாங்க. வீட்டுல ரெண்டு பொண்ணு படிக்குது. நான் என்னதான் சொல்லட்டும்?"

மரகதம் அவர் விரல்களைப் பிரித்துச் சென்சாரை எடுத்தாள். ஊதிப்போன பேட்டரியில், பழைய இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அலாரம் அலறத் தொடங்கியது. அவள் அதை அணைக்கவில்லை.

"என்ன வேணா சொல்லுங்கண்ணே. ஆனா மேனேஜர் ரூம்ல வேணாம். உடம்பை வாங்கிட்டுப் போக அந்தம்மா புருஷன் இன்னும் மூணாம் கட்டில்லதான் உக்காந்திருக்காரு. அங்க, அவரு பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்லுங்க."