சத்தம் நின்ற பிறகு

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் அலுவலக அறையில் கேட்ட அந்தச் சத்தம், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு சுற்றிச் சுற்றி மோதுவதுபோல் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்தான். ஒரு வாரமாகவே அப்படி. அமலி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கால்மணி நேரத்தில் திரை அணைந்துபோனது.

அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்கான அந்த இல்லத்தை நடத்துகிறவர் சிஸ்டர் எமரென்சியா. மூன்று வாரத்துக்கு முன் உடைந்த பல்லும் கைக்குழந்தையுமாக வந்து நின்ற அமலிக்கு, கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டக்கூடப் பழக்கிவிட்டவர். ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"தானா அணைஞ்சிருச்சு சிஸ்டர். சத்தம்கூட நின்னு நல்லாத்தான் இருந்துச்சு."

"நின்னதும் என்ன பண்ணினே?"

"சரியாயிருச்சுன்னு நினைச்சு அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

சிஸ்டர் வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஃபேனின் இறக்கைகள் தூசி அப்பி அசையாமல் நின்றன.

"அதுக்கு அடியில அலுமினியம் இருக்கு பாரு. தொடு."

தொட்ட வேகத்தில் அமலி கையை உதறினாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

"சத்தம் போட்ட வரைக்கும் சுத்திக்கிட்டு இருந்தது," என்றார் சிஸ்டர்.

நாலு ஸ்க்ரூ. ஒரு சின்ன வயர். அலமாரியில் இருந்த வேறொரு ஃபேனை எடுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் காற்று வந்தது. திரையில் அவள் பாதியில் விட்ட கடிதமும் வந்தது. கணவன் ஜெரால்டு மேல் போலீசில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக.

சிஸ்டர் படித்தார்.

வாசலில் ஜெரால்டின் குரல். "அமலி, பிள்ளையத் தூக்கிட்டு வாம்மா. ஆட்டோ நிக்குது."

"கேட்டீங்களா சிஸ்டர்? முந்தியெல்லாம் அவர் கத்துனா தெருவே எழுந்து வரும். மூணு நாளா இங்க வாசல்ல வந்து நிக்கறார், குரலே உசத்தல. அம்மான்னுதான் கூப்பிடறார்."

"ம்."

"போகட்டுமா சிஸ்டர்?"

சிஸ்டர் கழற்றிய ஃபேனைக் குப்பைக்கூடையில் போட்டார். கைத்தூசியைத் தட்டினார்.

"இந்தத் தடவை தொட்டுப் பாக்கப்போறது யாரு? நீயா, பிள்ளையா?"

அமலி எழுந்து வாசலுக்குப் போனாள். அவன் வந்தால் தள்ளித் திறக்கட்டும் என்று மூன்று நாளாக அவளே வெறுமனே சாத்தி வைத்திருந்த கதவு. இடுக்கில் அவன் செருப்பு நுனி தெரிந்தது.

"வந்துட்டியாம்மா?" என்றான்.

அவள் கதவை அழுத்தி மூடி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.