ரிவர்ஸில் ஒரு பிரதட்சிணம்

ஒரு முட்டாளைச் சமாளித்துவிடலாம். இரண்டு முட்டாள்கள் சேர்ந்தாலும் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். மூன்று பேர் ஒரே காரில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் அந்தக் காருக்கும் ஆகாது, அது போகிற ஊருக்கும் ஆகாது. காரைக்குடி உமையாள் ஐரோப்பா போய்வந்த கதை அந்த ரகம்.

உமையாளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புருஷன் வைரவன் பெயிண்ட் கடை வைத்திருந்தான். தங்கமான மனுஷன், சொன்னதைச் சொன்னபடி செய்வான். ஒரு வீட்டுக்காரர், "வாசக்கதவுல பெயிண்ட் காயிற வரைக்கும் ஒருத்தரும் தொடாமப் பாத்துக்கப்பா" என்று சொன்னதற்காக, அந்த வீட்டுக்காரரையே பொழுது விடிகிறவரை தெருவில் நிறுத்தி வைத்தவன். அவனைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் ஓரகத்தி சிகப்பியால் வந்தது.

வைரவனுடைய அண்ணன் மனைவி இந்தச் சிகப்பி. அவள் பாரிஸ் போய்விட்டு வந்தவள். வீட்டுக் கூடத்தில் பெரிய படமாக மாட்டி வைத்திருந்தாள். படத்தில் சிகப்பி பட்டுப்புடவையில் நிற்கிறாள், பக்கத்தில் ஈபிள் டவர். அதன் உச்சியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொழுக்கட்டையைத் தூக்குகிற மாதிரி பிடித்திருக்கிறாள். டவர் தள்ளி நிற்க, ஆள் கிட்டே நிற்க, கேமராக்காரன் கண்ணை இடுக்கி எடுக்கிற வித்தை அது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். உமையாளுக்கு யாரும் சொல்லவில்லை.

விசேஷத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் திரும்பி உமையாளைப் பார்ப்பார்கள். "நீ எங்கயும் போகலையா ஆத்தா?" என்பார்கள். அவளுக்குச் சோறு இறங்காது.

"எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம்" என்று ஒருநாள் வைரவனிடம் அழுதேவிட்டாள். "அந்த டவரு உச்சியைப் பிடிச்சு நானும் ஒரு படம் எடுக்கணும். அம்புட்டுத்தான். எடுக்காமத் திரும்பினா அக்கா மொகத்துல நான் முழிக்க மாட்டேன்."

வைரவன் நேராக மெய்யப்ப மாமாவிடம் போனான். மாமா டிராவல்ஸ் நடத்துகிறவர், ஐரோப்பாவை ஒருதரம் பார்த்தவர். சிக்கனமாகப் போய்வர வழி கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. மூணு பேராப் போனா செலவு பிரியும். ஹோட்டல்ல தங்காதீக, கார்லயே படுத்துக்கிடுங்க. காரை உங்க வீடு மாதிரி வச்சுக்கணும், சொல்லிட்டேன். டோல் ரோட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீக. பெட்ரோல் அங்க ஆனை வெலை, அதனால எதைத் தேடினாலும் பக்கத்துல எது இருக்குதோ அங்கதான் போகணும். அப்பறம் முக்கியமான சங்கதி, ரவுண்டானால வண்டியோட மூஞ்சி அம்புக்குறி பாத்த பக்கமே இருக்கணும். மாறுச்சோ, போலீஸ் பிடிச்சுருவான்."

வைரவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மூன்றாவது ஆளாக உமையாளின் அண்ணன் சொக்கலிங்கம் சேர்ந்தான். போனில் மேப் பார்க்கத் தெரிந்தவன் என்று வீட்டில் அவனுக்குப் பேர்.

பிராங்க்பர்ட்டில் இறங்கி, வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். கொண்டுபோய்ப் பாரிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று பேச்சு. வீடு மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் அல்லவா? மூன்று பேரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே ஏறினார்கள். உமையாள் மூன்று ஜோடியையும் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்தாள். கார் கிளம்பிப் போய்விட்டது. செருப்புகள் அங்கேயே மரியாதையாக நின்றன.

முதல் பெட்ரோல் பங்கில் இறங்கக் காலை வெளியே வைத்தபோதுதான் சங்கதி தெரிந்தது.

"திரும்பிப் போய் எடுத்துருவோமா?" என்றாள் உமையாள்.

"ஏ, பெட்ரோல் ஆனை வெலைன்னு மாமா சொல்லியிருக்காருல்ல" என்றான் வைரவன்.

"புதுச் செருப்பு வாங்கினா?"

"வாங்கி எங்க விடுறது? மறுபடி வாசல்லதானே விடணும்? அதுவும் போகும்" என்றான் சொக்கலிங்கம். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து மூன்று பேரும் வெறுங்காலோடு ஐரோப்பா பார்த்தார்கள்.

ராத்திரி லாரிகள் நிற்கிற இடத்தில் காரை நிறுத்திப் படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் உமையாள் காருக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். வீடென்றால் வாசல் வெறிச்சென்று கிடக்கலாமா? ஆனால் கோலத்தை மிதித்துக்கொண்டு வண்டியை எடுக்கக் கூடாது. அதனால் வைரவன் தினமும் ரிவர்ஸிலேயே வெளியே எடுப்பான். சொக்கலிங்கம் பின்னால் நின்று, பஸ் கண்டக்டர் மாதிரி, "வரலாம், வரலாம், லெப்டுல ஒடி, வரலாம்... ஹோல்டேன்!" என்று கத்துவான். லாரி டிரைவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்ப்பார்கள். இப்படியே போனதில் வைரவனுக்கு முன்னால் ஓட்டுவதைவிடப் பின்னால் ஓட்டுவது சுத்தமாகக் கைவந்துவிட்டது.

டோல் இல்லாத ரோடாகப் பார்த்துப் பார்த்துப் போனதில் பெரிய ஊர் எதுவும் கண்ணில் படவில்லை. பார்த்ததெல்லாம் மாடு, கோதுமை, மறுபடி மாடு. பிரான்சுக்குள் நுழைந்து ஒருநாள் முழுக்க ஓட்டியும் மாடுதான். உமையாள் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். ஊர் திரும்ப நாள் நெருங்குகிறது, டவரைக் காணோம்.

"அண்ணே, சரியாத் தேடிப் பாரேன்" என்றாள்.

சொக்கலிங்கம் போனில் ஈபிள் டவர் என்று தட்டினான். இரண்டு மூன்று வந்தது. "இந்தா, பாரிஸ்ல ஒண்ணு இருக்கு, ரொம்பத் தூரம். இன்னொண்ணு பதினோரு கிலோமீட்டர்லயே இருக்கு."

"ரெண்டுல எதுக்குப் போறது?" என்றான் வைரவன்.

"இதென்ன கேள்வி மாப்ளே? பணம் எடுக்கப் போனா பக்கத்துல இருக்கிற ஏடிஎம்முக்குத்தானே போவோம்? மாமாவும் அதைத்தானே சொன்னாக?"

வண்டி திரும்பியது.

அந்த ஊரில் ஒரு ரொட்டிக் கடை, ஒரு மாதா கோயில், ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா. ரவுண்டானா நடுவில் பூச்செடி. பூச்செடிக்கு நடுவில், உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் பொழுது போகாமல் செய்து நிறுத்திய இரும்பு ஈபிள் டவர். உமையாளைவிட ஒரு சாண் உயரம். வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று போனில் பேசுகிற பெண் அறிவித்தாள்.



"என்ன மச்சான், இத்துனூண்டு இருக்கு?" என்றான் வைரவன்.

சொக்கலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாப்ளே, நம்ம பக்கத்துல எந்தக் கோயில்லயாவது மூலவர் கோபுரம் ஒசரத்துக்கு இருக்காரா? மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு."

"கூட்டத்தைக் காணோமே?"

"நடை சாத்துற நேரமா இருக்கும்."

உமையாள் இதையெல்லாம் கேட்கவில்லை. சிகப்பி படத்தைப் போனில் வைத்திருந்தாள். அதைத் தூக்கிப் பிடித்து, படத்து டவரையும் எதிரே நிற்கிற டவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே நாலு கால். அதே உச்சி. கை நீட்டினால் எட்டுகிற அதே உயரம். "இதாங்க! அக்கா பிடிச்சது இதேதாங்க!" என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

கதவைத் திறந்து பாயப் போனவளை அண்ணன் பிடித்து இழுத்தான். "வலம் வராம உச்சியைத் தொடுறதா? விளங்கும்! மூணு சுத்துச் சுத்திட்டு இறங்கு."

"நடந்தே சுத்தலாமே?"

"வண்டிக்கும் சேத்துல்ல வாடகை குடுத்திருக்கோம்?" என்றான் வைரவன்.

வைரவன் வண்டியை ரவுண்டானாவில் விட்டான். கால் சுற்றுக்கூட வரவில்லை, உமையாள் அலறினாள். "ஐயையோ, நிறுத்துங்க! சாமி இடது கைப் பக்கம் வருது! அப்பிரதட்சிணமாப் போறீக!"

வைரவன் சட்டென்று பிரேக்கை மிதித்தான். இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்குக்கு அல்லவா? அதற்காக எதிர்ப்பக்கமாக விடலாம் என்றால், அம்புக்குறி முறைத்துக்கொண்டு நிற்கிறது. மூஞ்சி மாறினால் போலீஸ். மூன்று பேரும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆலோசனை செய்தார்கள்.

"சட்டத்தை மீறலாமா, சாஸ்திரத்தை மீறலாமா?" என்றான் சொக்கலிங்கம்.

"ரெண்டையும் மீறப்படாது" என்றாள் உமையாள். "எனக்குப் படமும் வேணும்."

வைரவன் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மாமா மூஞ்சியைப் பத்தித்தானே சொன்னாரு? மூஞ்சி அம்புக்குறிப் பக்கம் இருக்கட்டும். நம்ம ரிவர்ஸ்ல போவோம்."

உமையாளுக்குப் புருஷனை நினைத்து நெஞ்சு நிறைந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, இப்படி ஒரு மூளை யாருக்கு வாய்க்கும்!

அவளும் சீட்டில் மண்டியிட்டுப் பின்பக்கம் பார்த்துக் கைகூப்பிக்கொண்டாள். இப்போது டவர் கச்சிதமாக வலது கைப் பக்கம். சொக்கலிங்கம் இறங்கி வெறுங்காலோடு கூடவே ஓடினான். "வரலாம், வரலாம்... அப்படியே லெப்டுல ஒடி... வரலாம்!" முதல் சுற்றில் ஒரு ரொட்டி வேன் எதிரே வந்து, கும்பிடுகிற பெண்ணைப் பார்த்து நின்றுவிட்டது. இரண்டாவது சுற்றில் ஒரு டிராக்டர். மூன்றாவது முடிந்து சொக்கலிங்கம் "ஹோல்டேன்!" போட்ட இடத்தில் ஒரு போலீஸ்கார அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அவள் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். வைரவன் கீழே இறங்கி அம்புக்குறியைக் காட்டினான், வண்டியின் மூஞ்சியைக் காட்டினான். "சரியா இருக்கா? பாத்துக்கிடுங்க" என்றான். அந்த அம்மாள் அம்புக்குறியைப் பார்த்தாள், மூஞ்சியைப் பார்த்தாள், மூன்று பேருடைய வெறுங்காலையும் பார்த்தாள். கிளம்புங்கள் என்று கையை வீசினாள்.

உமையாளுக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்து, எட்டுகிற தூரத்தில் நிற்கிறது, தொடவிடாமல் விரட்டுகிறார்களே! புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதபடியே சிகப்பி படத்தை நீட்டினாள்.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நோ, நோ! பாரிஸ்! பாரிஸ்!" என்று தூரத்தைக் காட்டினாள்.

"நீங்க பாரிஸ்ல இருந்து வர்றீகளான்னு கேக்குறாக" என்று சொக்கலிங்கம் மொழிபெயர்த்தான்.

"இல்ல தாயி, காரைக்குடி" என்றாள் உமையாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

போலீஸ்கார அம்மாள் நீளமாக மூச்சு விட்டாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். உமையாள் கண்ணைத் துடைத்துப் புடவையைச் சரிசெய்து, குதிகாலைத் தூக்கி, இரண்டு விரலால் உச்சியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்று விரலில் தட்டியது. அவள் ஆயுசில் அப்படிச் சிரித்ததில்லை. படம் எடுத்த அம்மாளுக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தில் ஒரு டப்பா சீப்புச்சீடையைக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு டப்பாவை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் காரை ஒப்படைக்கப் பாரிஸுக்குள் நுழைந்தபோது, ஆற்றங்கரையில் வானத்தை முட்டிக்கொண்டு ஒன்று நின்றது. மூன்று பேரும் கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தார்கள்.

"இது என்ன மச்சான்?"

"இதுதான் ராஜகோபுரம். மூலவரைப் பாத்தாச்சு, இனி இதை வெளியில இருந்து கும்பிட்டாப் போதும்."

சிக்னலில் நிற்கும்போது ஒரு தமிழ்க் குடும்பம், குழந்தை குட்டியோடு, அதை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தது. உமையாளுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "அம்புட்டு ஒசரத்துல இருக்கிற உச்சியை நீங்க எப்படிப் பிடிப்பீக? விவரம் தெரியாம மோசம் போகாதீக!" என்று கத்தினாள். பாவம், அவர்களுக்குப் புரியவில்லை.

ஊருக்கு வந்ததும் படத்தைப் பெரிசாகப் போட்டுக்கொண்டு சிகப்பியிடம் போய், மூலவர், ராஜகோபுரம் சங்கதியையும் சொன்னாள். சிகப்பி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான் உமையா" என்றாள். "பிடிச்சேன் பிடிச்சேன்னு சொல்றேனே, விரல்ல ஒண்ணுமே தட்டுப்படலை. குளிர்ல மரத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன்!" தன் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்த்துச் சாய்த்துவைத்தாள். அன்று ராத்திரி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். கோபுரத்தோடு திருப்பிக் கூட்டிவந்துவிட்டீர்களே, மூலவரை எப்போது காட்டப் போகிறீர்கள் என்று.

சேதி ஊரெல்லாம் பரவ, மெய்யப்ப மாமா அடுத்த கோடையில் தனி டூரே போட்டுவிட்டார். இரண்டு வேன் நிறைய ஆட்கள், முதல் சீட்டில் சிகப்பி. எல்லோரும் செருப்பை முறைப்படி பிராங்க்பர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ரவுண்டானாவில் இரண்டு வேனும் ஒன்றன்பின் ஒன்றாக ரிவர்ஸில் வலம் வர, ரொட்டி வேன்காரர் ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். பூச்செடிப் பக்கத்தில் ஒரு கையில் காலி சீடை டப்பாவோடு போலீஸ்கார அம்மாள் நின்றாள். இன்னொரு கையைப் பின்வாக்கில் ஆட்டி ஆட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்:

"வர்லாம்... வர்லாம்... லெப்ட்ல ஒடி... வர்லாம்... ஹோல்டேன்!"