தொள்ளாயிரம் சீட்டுக்கு ஒரே ஹேண்ட்லர்

மேகங்கள் ஜன்னலை உரசிப்போகும் பதினாலாம் மாடி ஆபீஸில் டீம் லீடர் சிதம்பரநாதன் வைத்ததுதான் சட்டம். நாற்பது பேரையும் ஒற்றை ஆளாக மேய்ப்பதாக அவருக்குப் பெருமை.

புதிதாகச் சேர்ந்த அல்லியிடம் சொன்னார்: "தியேட்டர் புக்கிங் பக்கத்துல தொள்ளாயிரம் சீட். தொட்டா சீட் ஒளிரணும். அதுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கிளிக் ஹேண்ட்லர் கோடு எழுதிடும்மா. சாயங்காலம் எம்.டி. பார்க்க வர்றார்."

அல்லி வெகுநேரம் மேகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரங்கம் முழுவதற்கும் ஒரே ஹேண்ட்லர் எழுதினாள். எந்தச் சீட்டைத் தொட்டார்கள் என்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் எம்.டி. தொட்ட சீட்டெல்லாம் நட்சத்திரம்போல் ஒளிர்ந்தது. கோடிங்கைப் பார்த்த சிதம்பரநாதனுக்கு முகம் சிவந்தது. "தொள்ளாயிரத்தையும் ஒண்ணே ஒண்ணு எப்படிம்மா கவனிக்கும்?"

"எங்க நாற்பது பேரையும் நீங்க ஒருத்தரே கவனிக்கிறீங்களே சார். அது சரியில்லைன்னா சொல்லுங்க, இதையும் மாத்திடறேன்."

எம்.டி. மெல்ல டீம் லீடர் பக்கம் திரும்பினார். சிதம்பரநாதன் மேகங்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.