தாலி ஏறும்வரை சொல்லாதே

மலையில் நடந்த ஒரு கல்யாணத்தின் கதை இது. முழுவதும் கேட்டபின் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ரெஜினா கொடைக்கானலில் கல்யாணம் நடத்திக் கொடுப்பவள். வெளியூர்க்காரர்கள் மலையில் மணம் முடிக்க ஆசைப்பட்டால், இடம் பார்ப்பது முதல் பந்தி முடிவது வரை அவள் பொறுப்பு. அந்த முறை மணப்பெண், சங்கரன்கோவிலைச் சேர்ந்த கோமதி. ஏரி தெரியும் புல்வெளியில் தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இடத்தை உறுதிசெய்த அன்று ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எது நடந்தாலும் என்கிட்ட மறைக்காதீங்கக்கா. முதல்ல எனக்குத்தான் தெரியணும்."

ரெஜினா வாக்குக் கொடுத்தாள்.

கோமதியின் அப்பா சங்கரபாண்டியனுக்கு நுரையீரல் கோளாறு. மலையேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகளின் ஆசை கெட்டுவிடுமே என்று, டாக்டர் சம்மதித்துவிட்டதாக அவர் வீட்டில் பொய் சொல்லிவிட்டார். மலையில் இரவு தங்க வேண்டாம் என்று, மற்றவர்களை முந்தின நாளே அனுப்பிவிட்டு, கல்யாணத்தன்று விடியற்காலையில் வாடகைக் காரில் தனியாகக் கிளம்பினார்.

முகூர்த்தம் நெருங்கும்போது ரெஜினாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சில வளைவுகள் ஏறியதுமே அவருக்கு மூச்சு முட்டவே, டிரைவர் வண்டியைத் திருப்பி வத்தலக்குண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

"ஆக்சிஜன் வச்சிருக்காங்கம்மா. இப்ப பரவாயில்ல. வண்டி நெரிசல்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லி, என் தம்பியைத் தாரை வார்க்கச் சொல்லு. தாலி ஏறுற வரைக்கும் கோமதிக்குத் தெரியக் கூடாது. சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

மூச்சிரைக்கக் கேட்கும் மனிதரிடம் மறுத்துப் பேச வாய் வரவில்லை. "சொல்லல சார்" என்றாள்.

அதன்பின் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மணவறைக்குப் போனாள், சமையல்கட்டுக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். நேராக இருந்த நாற்காலிகளை மறுபடி நேராக்கினாள். "அப்பா எது வரைக்கும் வந்துட்டாங்களாம்?" என்று கோமதி கேட்டபோது, "பாதையில நெரிசல்" என்று சொல்லிவிட்டு முகம் பார்க்காமல் நகர்ந்தாள்.

கடைசியில் மாப்பிள்ளை மகிழ்நனைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்துட்டேன். நீங்க யாருக்கும் குடுக்கல. நீங்க சொல்லிடுங்க."

மகிழ்நன் மணவறையைத் திரும்பிப் பார்த்தான். "இப்ப சொன்னா எழுந்து போயிடுவா. முகூர்த்தம் தப்பிடும். கட்டின உடனே சொல்லிடறேன்."

சித்தப்பா தாரை வார்த்தார். தாலி ஏறியது. அட்சதை விழுந்துகொண்டிருக்கும்போதே அவன் அவள் காதில் சொன்னான். கோமதி எழுந்தாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, நேராகப் போய்க் காரில் ஏறினாள். மகிழ்நன் பின்னாலேயே ஓடி ஏறிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். "நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"மலையேறக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சங்கரன்கோவில்லயே ஒரு மண்டபத்துல கட்டியிருப்பேனேப்பா" என்றாள்.

பக்கத்தில் நின்ற கணவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா, ரெஜினா, மகிழ்நன் மூவருமே அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டார்கள். இவர்களில் யாருடைய பிழை பெரிது?

விடை: மகிழ்நனுடையது. அப்பா மறைத்தது தன் உடம்பைப் பற்றி. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் பாடு. ரெஜினா எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாக்கு உடைந்தே தீரும். மகிழ்நனை மட்டும் எந்த வாக்கும் கட்டிப்போடவில்லை. தடையில்லாமல் பேச முடிந்த ஒரே ஆள், பேசாமல் தாலியைக் கட்டினான். கோமதியும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. அப்பாவிடம் அன்றைக்கே சமாதானமாகிவிட்டாள். ரெஜினாவின் போனைச் சில நாள் கழித்து எடுத்தாள். கணவனின் வீட்டுக்கு அவனோடு கிளம்பியபோது மட்டும், அவன் காரின் பின்கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்க, அவள் போய் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.