நின்றவர்கள்

குருவம்மையைவிடச் சீடர் சடையப்பருக்குப் பத்து வயது மூப்பு. ஆனாலும் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வராத நாளே கிடையாது.

அன்று வந்தது கொஞ்சம் கனமான கேள்வி. மகள் தவமணியை டவுனில் இரண்டு ஜவுளிக்கடைகள் வேலைக்குக் கூப்பிட்டிருந்தன. தங்குவதும் சாப்பிடுவதும் அங்கேயே. பெற்ற மனம் அடித்துக்கொள்ளத்தானே செய்யும்?

"எந்த முதலாளி ஆளை நல்லா வச்சிருக்காருன்னு எப்படிம்மா அளக்கறது?"

"ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க. 'உங்க கடையில இதுவரைக்கும் நின்னவங்க எத்தனை பேரு?' அவ்வளவுதான்."

இதென்ன கேள்வி என்று தோன்றியது. இருந்தாலும் போனார்.

பெரிய கடை முதலாளி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "நின்னவங்களா? எல்லாருமே நிக்கிறாங்களே, பாருங்க! இங்க வந்தவங்க யாரும் விட்டுப் போனதில்ல."

அவர் கை நீட்டிய பக்கம் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அலமாரியில் சாய்ந்திருந்த ஒருத்தி சட்டென்று நிமிர்ந்தாள்.

சின்னக் கடை முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வேலைய விட்டு நின்னவங்களா? நாலு பேருங்க. செண்பகம் கல்யாணமாகிப் போனா. இப்பவும் தீபாவளிக்குப் புடவை இங்கதான் எடுப்பா. ரெண்டு பேரு சொந்தமா தையக்கடை போட்டுட்டாங்க. ரோசி கால் வலின்னு நின்னுட்டா. அதுக்கப்புறந்தான் எல்லாருக்கும் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். முன்னாடியே போட்டிருக்கணும்."

வெயிலில் திரும்பி வந்த சடையப்பர் உட்காரப் போனார்.

"நின்னுகிட்டே சொல்லுங்க" என்றார் குருவம்மை.

சொன்னார். கேட்டது ஒரே கேள்வி, ஒருவர் இருப்பவர்களைக் காட்டினார், மற்றவர் போனவர்களைச் சொன்னார் என்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. குருவம்மையோ விடவில்லை. அந்தப் பெண் எந்த அலமாரியில் சாய்ந்திருந்தாள், ஸ்டூல் மரமா பிளாஸ்டிக்கா என்று துருவித் துருவிக் கேட்டார். சடையப்பர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பாவம், முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"யாரும் விட்டுப் போகாத கடைக்கே அனுப்பிடறேம்மா. அதானே சரி?"

"இப்ப உட்காருங்க."

"அப்பாடா!" என்று உட்கார்ந்தார் சடையப்பர்.

"இப்ப சொன்னீங்களே, அந்த வார்த்தைய உங்க மக எந்தக் கடையில சொல்லுவா?"