இரண்டு கரைக்கும் ஒரே கரடி ராஜா

பனிமலைக்குக் கிழக்கே ஏரி, மேற்கே கடல். இரு கரைக்கும் தனித்தனி கரடி ராஜாக்கள். ஒரே குளிர்காலத்தில் இருவருமே செத்துப்போனார்கள்.

ஏரி ராஜாவின் மகனும் கடல் ராஜாவின் மகள் வயிற்றுப் பேரனும் ஒரே குட்டிதான். பெயர் தூரே. வயது மூன்று. இரண்டு கிரீடமும் அதன் தலைக்கே வந்தன. ஒன்று காதில் தொங்கியது, மற்றது மூக்குவரை இறங்கியது.

"ராஜா பொது. சட்டம் எங்களுடையது!" என்றது ஏரி அமைச்சர் நரி.

"எங்களுக்கும் அப்படித்தான்!" என்றது கடல் அமைச்சர் கடல்நாய்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு சட்டமும் ஒன்றேதான். அன்றைய முதல் மீனை ராஜா கடித்த பிறகே குடிகள் சாப்பிடலாம்!

தூரே ஏரியில் ஒரு கடி கடிக்கும். மலை ஏறும், உருளும், கடலில் ஒரு கடி கடிக்கும். அதற்குள் அங்கே பொழுது சாய்ந்து, குஞ்சுகுளுவான்கள் பசியில் சுருண்டு கிடக்கும். மறுநாள் கடலில் தொடங்கினால், ஏரிக்கரையில் அதே கதை.

"ராஜ்யம் இரண்டு இருக்கு. தூக்கம் ஒன்றுகூட இல்லையே!" என்று அழுத தூரே, ஒருநாள் மலை உச்சியிலேயே படுத்துவிட்டது.

பசி பொறுக்காமல் இரு கரையும் மீனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடின. கடல்நாய்கள் வயிற்றால் ஏறின!

"தலை எங்கள் பக்கம்! எங்கள் மீன்தான் முதலில்!" என்றது நரி.

"வால் எங்கள் பக்கம் ஐயா!" என்றது கடல்நாய்.

"அது ஒரு வாலா?"

"உம்ம ஏரி மீனில் உப்பே கிடையாது!"

"உம்ம மீனில் உப்பைத் தவிர என்ன இருக்கு?"

சத்தத்தில் விழித்த தூரே இரண்டு மீனையும் சேர்த்துப் பிடித்தது. நறுக்! ஒரே கடி!

"கடிச்சாச்சு! எல்லாரும் சாப்பிடுங்க!"

"செல்லாது! எங்கள் சட்டப்படி…" என்று நரியும் கடல்நாயும் ஒரே குரலில் ஆரம்பித்தன.

யார் கேட்டார்கள்? ஏரிக் குட்டிகள் கடல் மீனைப் பிய்த்தன. கடல் குட்டிகள் ஏரி மீனைப் பிய்த்தன. அமைச்சர்கள் வாதாடி முடித்துத் திரும்பினால், பனியில் வெறும் முள்தான் கிடந்தது.

தூரே இரண்டு கிரீடங்களையும் தலைக்கு அணையாக வைத்துக் குறட்டை விட்டது.

மகுடம் ஒன்றானால் மட்டும் போதாது. மனமும் ஒன்றானால்தான் எல்லோர் வயிறும் நிறையும்.